மூடிகள் சத்தமிட்ட மத்தியானம்

இன்று காலை, நீ செய்து வைத்ததில் மிச்சமிருந்த கடைசிப் புட்டியைத் திறந்தேன். மூடியின் விளிம்பில் கரண்டிக் காம்பை வைத்து நெம்பியபோது, யாரோ சட்டென்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது போல ஒரு சத்தம். பின்னாலேயே கிராம்பும் வினிகரும் நாட்டுச் சர்க்கரையும் கலந்த வாசனை எழுந்து அடுக்களை முழுக்க நிறைந்தது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பீட்ரூட் துண்டுகள் நேற்று நறுக்கியவை போல இருந்தன. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

நாம் பழகியதே இந்தப் பீட்ரூட்டால்தான். உன் வீட்டுக்காரருக்கு நிலக்கரி மைன்ஸில் சர்வே பிரிவில் வேலை. மேட்டுப்பாளையத்திலிருந்து நீங்கள் இரண்டு பேரும் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்குக்குக் குடிவந்த முதல் வாரம், வேலிக்கு மேலாக ஒரு கிண்ணத்தை நீட்டினாய். "தயிர் சோத்துக்குத் தொட்டுக்குங்க" என்றாய். இனிப்பும் புளிப்புமாக, பாகு போலக் கெட்டியான சாறில் ஊறிய சிவப்புத் துண்டுகள். முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்த நான் அப்படியொன்றைத் தின்றதே இல்லை. ருசி பிடித்துப்போய்க் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டேன். மறுநாள் காலை கழிவறையிலிருந்து வெளியே வந்தவள் நேராக உன் வீட்டுக்குத்தான் ஓடிவந்தேன்.

"எனக்கு ரத்தமா போவுதுங்க! அவரு வேற ஷிப்ட்ல கீறாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றீங்களா?"

நீ சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். "ஏனுங், நேத்து நீங்க தின்னது என்னங்? பீட்ரூட்டுத்தானுங்!" என்றாய். அன்றோடு நமக்குள் 'ங்க' போய்விட்டது. நான் உனக்கு அம்மிணி ஆனேன்.

வருஷா வருஷம் தை முடியும்போது உன் தம்பி பார்சலில் ஒரு மூட்டை அனுப்புவார். இரண்டு பேரும் உன் பின்கட்டில் உட்கார்ந்து மண்ணைக் கழுவுவோம். "வாலை வெட்டாதே அம்மிணி, சாயமெல்லாம் தண்ணிக்குப் போயிரும்" என்பாய். முழுசாக வேகவைத்து, சூட்டோடு தோலை உருவினால் சட்டை கழற்றுவது போல வரும். வில்லைகளாக நறுக்கி, வினிகரும் சர்க்கரையும் உப்பும் பட்டை கிராம்பும் போட்டுக் கொதிக்கும் சாறில் இட்டு, வெந்நீரில் கொதித்த ஜாம் புட்டிகளில் நிரப்பி, விளிம்பைத் துடைத்து இறுக்கி மூடி, புட்டிகளை மறுபடி ஒரு குண்டாத் தண்ணீரில் நிற்க வைத்துக் கொதிக்க விடுவாய். எடுத்துத் துண்டின் மேல் வரிசையாக வைத்த பிறகு பேசக் கூடாது. புட்டி ஆற ஆற, மூடியின் நடுவில் புடைத்திருக்கும் தகரம் 'டக்' என்று உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு விரல் மடக்குவாய். "இது வாயைக் கட்டிக்கிச்சு. இனி ஒரு வருசம் கெடாது" என்பாய். சத்தம் போடாத புட்டியை வைத்துக்கொள்ளக் கூடாது, முதலில் தின்றுவிட வேண்டும்.

அப்படிப் புட்டிகளுக்காகக் காத்திருந்த ஒரு மத்தியானத்தில்தான் அதை என்னிடம் சொன்னாய்.

நம் பின்வரிசை வீடுகள் காலியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கதவு, ஜன்னல், குழாய் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் அந்த வீடுகள் பகலிலேயே இருண்டு கிடக்கும். உன் அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு வீட்டின் பின்கட்டு. அதைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாய்.

"அம்மிணி, தெனம் ஒரு மணிக்கு அந்த வீட்டுல யாரோ பாத்திரம் கழுவறாங்க. தேய்க்கிற சத்தம், தண்ணி ஊத்தற சத்தம். கடைசியா ஒரு பெரிய குண்டாவைக் கவுத்து வெக்கறாங்க. அப்பறம் ஒண்ணுமில்லை. அவர்கிட்டச் சொன்னேன், மூஞ்சியைச் சுளிக்கிறார். நீ யாருகிட்டயும் சொல்லிராதே."

"இன்னா சொல்ற நீ? கொழாயே இல்லாத வூட்ல யாரு வந்து வெளக்கிக்கினு இருப்பா?" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

சொல்லிராதே என்றாய். நான்கே நாளில் பால் பூத்து வரிசையில் நின்றுகொண்டு சொல்லிவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை, வாய்க்குச் சுவையாக இருந்தது, அவ்வளவுதான். ஒருத்தி உனக்கு மந்திரிக்கச் சொன்னாள். இன்னொருத்தி, உன்னைப் பார்த்ததுமே, "இன்னிக்கி எத்தினி பாத்திரம் வெளக்குனாங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற நானும் சேர்ந்து சிரித்தேன்.

நீ சண்டை போடவில்லை. என்னைப் பார்த்து, "உன்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்" என்றாய். பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதன்பிறகு வேலியோரம் உன் தலை தெரிந்தாலே நான் உள்ளே போய்விடுவேன். மன்னிப்புக் கேட்க வெட்கம். மூன்று வாரம் அப்படியே போனது. பிறகு மகளுக்குப் பிரசவம் என்று பண்ருட்டிக்குப் போய்விட்டேன். என் வீட்டு மாற்றுச் சாவி எப்போதும் போல உன்னிடமே இருந்தது. நீ திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்த அன்று பங்குனி வெயில். டவுன்ஷிப் முகப்பு ஆர்ச் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து வந்தால், உன் வாசலில் ஆட்கள். என்னைக் கண்டதும் முன்வீட்டு அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அசதியா இருக்குதுன்னு படுத்தாங்களாம். அவங்க வூட்டுக்காரரு சாப்பாட்டுக்கு வந்து எழுப்பிருக்காரு. எழுந்திரிக்கல. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. உங்க வூட்ல வெள்ளைத் துணி எதுனா இருந்தா எடுத்துக்கினு வாங்க."

பூட்டைத் திறந்து உள்ளே போனேன். வீடு முழுக்க வினிகரும் கிராம்பும் மணத்தது. எனக்குப் புரியவில்லை. பதினைந்து நாளாக அடுப்பு பற்றாத வீடு, என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடெல்லாம் கேண்டீனில், அன்று காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அடுக்களைக்குப் போனேன். மேடையில் என்னுடைய நீலத் துண்டை நாலாக மடித்து விரித்து, அதன் மேல் ஏழு புட்டிகள். ஒன்றைத் தொட்டேன். சூடாக இருந்தது.

நீ இல்லை என்று சற்று முன்புதான் சொன்னார்கள். உன் கைச்சூடு போல அது என் உள்ளங்கையில் இருந்தது.

'டக்'.

என்னை அறியாமலே ஒரு விரலை மடக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். இந்தப் பக்கம், கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி 'டக்'. வெள்ளைத் துணிக்கு வந்தவள் நகர முடியாமல் நின்றேன். மூன்று. நான்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீ எதையோ யோசித்துவிட்டுச் சொல்வது போல இடைவெளி. ஐந்து. ஆறு. ஏழாவதற்காகக் காத்திருந்தேன். வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். அது வரவேயில்லை.

உன்னைக் குளிப்பாட்டும்போது நான்தான் கைகளைக் கழுவினேன். நகக்கண்ணிலும் விரல் ரேகையிலும் சிவப்பு. மஞ்சளும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியதைப் பார்த்து ஒருத்தி, "ஐயோ, இன்னாடி இது?" என்று பின்வாங்கினாள். "பீட்ரூட்டுங்க" என்றேன். "அவங்க அடுக்களைல ஒண்ணும் காணமே? அடுப்பே பத்த வெக்கலயே?" என்றார் முன்வீட்டு அம்மா. உன் வலது கையை என் மடியில் வைத்து மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்கு வந்து ஏன் செய்தாய்? நான் வரும் நாள் தெரிந்து, சமாதானமாகச் செய்தாயா? அல்லது அந்த ஜன்னலுக்கு எதிரே நின்று உன்னால் சமைக்க முடியவில்லையா? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். இன்னும் தெரியவில்லை.

மூன்றாம் நாள், வாய் மூடாத அந்த ஏழாவது புட்டியைத் திறந்து, நின்றபடியே தின்றேன். எப்போதும் போல இருந்தது. ஒரு பிடி சர்க்கரை குறையவில்லை. மறுநாள் காலை சிவப்பைக் கண்டபோது காரணம் தெரிந்திருந்தும் உன் வீட்டுக்கு ஓடப்போய் வாசலிலேயே நின்றேன். சிரிக்க நீ இல்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உங்கள் பின்கட்டில் எச்சில் இலைகளை வாரிக்கொண்டிருந்தேன். பந்திக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். ஒரு மணி இருக்கும். காக்கைகூடக் கத்தவில்லை. எதிரே காலியாகக் கிடந்த அந்த வீட்டில் யாரோ பாத்திரம் தேய்த்தார்கள்.

தேங்காய் நார் உரசும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். தேய்ப்பு நின்று, மறுபடி தொடங்கியது. கடைசியில் கனமான பாத்திரமொன்று கல்லின் மேல் கவிழ்ந்தது. கையிலிருந்த இலைகளை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். நான்காம் நாள் வேலியைத் தாண்டிப் போனேன். கதவில்லாத அந்தப் பின்வாசலில் நுழைந்ததும் சத்தம் நின்றது. தரையெல்லாம் விரல் கனத்துக்குக் கரிப் புழுதி. அதில் செருப்புத் தடங்கள், வாசலிலிருந்து கழுவும் தொட்டி வரைக்கும், போகவும் வரவும், ஒன்றின் மேல் ஒன்றாக. இடது குதிகால் தேய்ந்த உன் செருப்பு எனக்குத் தெரியாதா? தினமும் வந்து பார்த்திருக்கிறாய், தனியாக. நான் சிரித்துவிட்ட பிறகு நீ வேறு யாரைக் கூப்பிட்டிருப்பாய்?

தொட்டியை எட்டிப் பார்த்தேன். குழாய் இருந்த இடத்தில் ஓட்டை. விரலால் தடவினேன். ஈரம் இல்லை. ஆனால் வீடு முழுக்க அப்பிக் கிடந்த புழுதியில் ஒரு துகள்கூட அந்தத் தொட்டியில் இல்லை. வெளியே வந்து நம் வேலியைத் தொட்டதும், முதுகுக்குப் பின்னால் மறுபடி தேய்க்கத் தொடங்கியது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை அப்போது கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பயம். பால் பூத்தில் உன்னைப் பார்த்தது போல என்னையும் பார்ப்பார்களே என்ற பயம்.

வைகாசியில் உன் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். லாரி வருவதற்கு முந்தின நாள், ஒரு மணிக்கு, வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கோணும். சிரிக்கக் கூடாது."

"கேளுங்கண்ணா."

"அவ ஒண்ணு சொல்லீட்டு இருந்தாளே, பொறகால வீட்டுல…" முடிக்க முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "நாலஞ்சு நாளா எனக்குக் கேக்குதுங். அவளைக் கோயமுத்தூர்ல மண்டை டாக்டர்கிட்டக் காட்றதுன்னு தேதி வாங்கி வெச்சிருந்தேன். அது அவளுக்குத் தெரியும். சரீன்னுட்டா."

அப்போது அது கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"எனக்கும் கேக்குதுண்ணா" என்றேன். "பதினாறாம் நாள்லேர்ந்து கேக்குது. அவளுக்கு ஒண்ணும் இல்ல. அவ சொன்னது நெசம்."

துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். குண்டா கவிழும் வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அவர் அழுத அழுகையை உன் சாவன்றுகூட நான் பார்க்கவில்லை.

லாரி போன மறுநாள் விடிந்ததும் பால் பூத்துக்குப் போனேன். வரிசையில் அதே பெண்கள். "அவ சொன்னது பொய் இல்ல" என்றேன். "நான்தான் உங்ககிட்டச் சொல்லி அவளை அசிங்கப்படுத்தினேன். எனக்கும் தெனம் கேக்குது." ஒருத்தியும் சிரிக்கவில்லை. பாலை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். அதன்பிறகு மத்தியானத்தில் என் வீட்டுப் பக்கம் யாரும் வருவதில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "உனுக்கு எதுக்குடி இந்த வேலை?" என்றார்.

செய்தி எப்படியோ இத்தனை மாதம் கழித்துப் பண்ருட்டிக்கும் போயிருக்கிறது. நேற்று மகள் போனில் பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, திடீரென்று குரலை மாற்றிக்கொண்டாள். "அம்மா, ஞாயித்துக்கெழமை இங்க வந்தீன்னா, ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்."

சரி என்றேன். நீயும் அப்படித்தானே சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை போவேன். அந்த டாக்டர் எதிரே உட்கார வைத்து, ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கேட்பார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லை என்று நான் சொல்ல வேண்டுமென்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கேட்கிறது என்றுதான் சொல்வேன்.