இரண்டாவது கையெழுத்து

போன மாதம் தில்லைநகரில் ஒரு பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். டாக்டரம்மா தட்டிலிருந்து நீளக் கைப்பிடி வைத்த சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்தார். பயத்தில் விறைத்துப்போயிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஆலையில் குழாய்க்குள் விட்டு வெல்டிங்கைப் பார்ப்போமே, கிட்டத்தட்ட அதே கண்ணாடி. உன்னைத் தவிர வேறு யார் ஞாபகம் வரும்?

முப்பது வருஷம் சந்தேகப்படுவதற்கே நமக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பாய்லர் குழாயை எக்ஸ்ரே எடுத்து, இருட்டறையில் ஃபிலிமைக் கழுவித் தொங்கவிட்டு, காய்ந்ததும் விளக்குப் பெட்டியில் வைத்து முடி அளவு விரிசலைத் தேடுவோம். நீ கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, நானும் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். "தெரியலன்னா பாஸ் போடாதே" என்பாய். ஒரு நிழலுக்காக மூன்று முறை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி வெல்டர்களிடம் வசவு வாங்கியவன் நீ.

அப்படிப்பட்ட நீதான் ஒருநாள் மதியம் கேன்டீன் ஜன்னலோரம் நின்றுகொண்டு, அந்தக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு, டார்ச் அடித்துக் கன்னத்தைப் பார்த்தாய். உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு.

"மேலாப்புலதான் இருக்கு. பாஸ். நீயும் பாருடா."

நானும் எட்டிப் பார்த்தேன். காற்றில் விரலால் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டுக் காட்டினேன். இருவரும் சிரித்தோம். அடுத்த வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் உனக்குப் புற்றுநோய் என்றார்கள், ரொம்ப முற்றிவிட்டது என்றும் சொன்னார்கள். நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

நீ போனபிறகு உன் மனைவி கோமதி அந்தக் கண்ணாடியோடு உன் கருவிப்பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டாள். இந்த வருஷம் என் கன்னத்திலும் ஒரு திட்டு தட்டுப்பட்டது. எனக்குப் புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறாய்? அதுதான் இல்லை. உன் கண்ணாடியையே எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வீட்டுக் குளியலறையில் தினமும் நானே பார்த்தேன். டாக்டரிடம் போனால் உன் கதிதான் என்று பயம். வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கோமதியைப் பார்க்கத் திருவெறும்பூர் போயிருந்தபோது, அவள் கொடுத்த முறுக்கை ஒரு பக்கமாகவே மென்றேன். நீ ஒரு பக்கமாக மென்றதையெல்லாம் பார்த்தவள் அவள், அவள் கண்ணிலிருந்து யார் தப்பிக்க முடியும்?

"வாயில என்னண்ணே?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டை மட்டுமல்ல, அந்தக் கேன்டீன் கையெழுத்தையும்தான். ஏழு வருஷமாக யாரிடமும் சொல்லாதது அது.

"எனக்கு அன்னைக்கே தெரியும். அவரே வந்து சொல்லிச் சிரிச்சாரு. போய்க் காட்டுங்கன்னு நானும் சொல்லலையே" என்றாள். பிறகு எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "இந்தத் தடவை உங்களுக்கு யாரும் சும்மா கையெழுத்துப் போட மாட்டாங்க. கிளம்புங்கண்ணே."

அவள்தான் பஸ்ஸில் என்னைத் தில்லைநகருக்கு இழுத்துப் போனாள்.

இப்போதைய வைத்தியத்தைப் பார்த்தால் நீ பொறாமையில் வெந்துபோவாய். பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டார்கள். என் கன்னம் எதிரே இருந்த டிவியில் ஊத்தப்பம் அளவுக்குத் தெரிந்தது. நீல விளக்கு அடித்து, திட்டு எதுவரை போகிறது என்று பார்த்தார்கள். பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஃபிலிமும் இல்லை, இருட்டறையும் இல்லை. நான் வாயை மூடுவதற்குள் கம்ப்யூட்டரில் படம் வந்து நிற்கிறது. "காயவைக்க வேண்டாமா?" என்று கேட்டே விட்டேன். டாக்டரம்மா புரியாமல் பார்த்தார்.

கடைவாய்ப்பல் உடைந்து அதன் கூர்முனை கன்னத்தை உரசிக்கொண்டிருந்தது. அதைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். போனபோது, பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். திட்டு பாதியாகச் சுருங்கியிருந்தது. எனக்கு அதுவே போதும் என்று எழப் போனேன்.

"உரசினதாலதான் வந்திருக்கும்னு தோணுது சார். ஆனா தோணுறத வச்சு விட முடியாது. துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

எனக்கு உன் குரல் கேட்டது. மறுபேச்சுப் பேசாமல் வாயைத் திறந்தேன்.

நேற்று முடிவு போனுக்கே வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. அதன் அறிகுறியும் இல்லை. அப்போது ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நன்றாக அழுதேன். அத்தனை நிம்மதி. உனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டதே என்ற உறுத்தலும் அதில் இருந்தது, மறைக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அறிக்கையைத் தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராகத் திருவெறும்பூர் போனேன். கோமதி மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். புரியாத வார்த்தைக்கெல்லாம் என்னை அர்த்தம் கேட்டாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"பேனா குடுங்க."

டாக்டரின் கையெழுத்துக்குக் கீழே, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.

"இப்பப் பாஸ்ண்ணே."

அந்தத் தாள் இப்போது உன் கண்ணாடியோடு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், கூடவே தன் வாயையும் காட்டிக்கொள்ள.