ஐந்தரை வருட வாரண்டி

விருத்தாசலம்
9-3-2025, ஞாயிறு

அன்புள்ள தமிழினி அப்பாவுக்கு,

ஆதிலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது என்றீர்களே, மொட்டை மாடியில் ஏசி மாட்டும்போது தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

போனில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. நீங்களும் "அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். மங்கலம்பேட்டை ஜாகிர் பாய் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளைக்கு டயாலிசிஸ் தொடங்கி ஏழு மாதம் முடிந்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துப் புதுச்சேரி போகிறோம். இங்கே பெரியவர்களுக்கு மட்டும்தான் செய்கிறார்கள். போகும்போது பேசிக்கொண்டு வருவாள். திரும்பும்போது தலையைத் தூக்க மாட்டாள், வாந்திதான். போன புதன்கிழமை பஸ்ஸில் உட்கார இடமே இல்லை. கடலூரிலிருந்து நெய்வேலி வரைக்கும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். பதினொரு வயதுப் பிள்ளை இடுப்பில் வைத்துக்கொள்ளும் கனத்தில்தான் இருக்கிறாள்.

அதனால்தான் நீங்கள் நல்லூர் நிலத்தில் உங்கள் பங்கை விற்றுப் பன்னிரண்டரை லட்சம் அனுப்பினீர்கள். பின் சீட்டில் பிள்ளை நீட்டிப் படுத்து வருகிற மாதிரி உயரமான பெரிய வண்டியாக இருக்க வேண்டும், வாரத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டியிருப்பதால் பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட்டாக இருக்க வேண்டும் என்றீர்கள். புதிது வாங்க நமக்கு ஏது வசதி, பழசில் நல்லதாகப் பார் என்றீர்கள். பார்க்காமல் இல்லை. பீங்கான் கம்பெனியில் ஒரு ஜாடியைச் சுண்டிப் பார்த்தால் கீறல் உண்டா இல்லையா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். காரைச் சுண்டி என்ன கண்டுபிடிப்பது? அதனால் உங்கள் சிநேகிதர் மெக்கானிக் மாணிக்கவேலைக் கூட்டிக்கொண்டு அலைகிறேன்.

முதலில் நெய்வேலியில் ஒரு வண்டி பார்த்தோம். பின்பக்கம் ஹைப்ரிட் என்று பளபளவென்று எழுதியிருந்தது. விலையும் நம் கைக்குள் இருந்தது. நான் சரி என்று சொல்ல இருந்தேன். மாணிக்கவேல் சாவியைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கினார். "அண்ணி, இது பேருக்குத்தான் ஹைப்ரிட்டு. குட்டி பேட்டரி. எஞ்சினுக்குக் கொஞ்சம் கை குடுக்கும், அவ்ளோதான். தனியா பேட்டரியில ஒரு அடிகூட நவுறாது. அண்ணன் சொல்ற மைலேஜு இதுல வராது" என்றார். வந்துவிட்டோம்.

இரண்டாவது, கடலூர்ப் பக்கம் பழைய கார் விற்கும் ஒரு கடையில். நீங்கள் சொன்ன அதே ஜாதி வண்டி, பெரிய பேட்டரி, இரண்டே வருடம் ஓடியது. விலை மட்டும் எல்லா இடத்தையும்விட இரண்டு லட்சம் குறைச்சல். உள்ளே ஏறினால் சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. மாணிக்கவேல் பின் சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். பாதிக்கு மேலே ஒரு கோடு, அதற்குக் கீழே எல்லாம் செம்மண் நிறம். பின் சீட்டோரம் பேட்டரிக்குக் காற்றுப் போகிற சல்லடையில் விரலை விட்டு எடுத்துக் காட்டினார், வண்டல். "கார்த்திகை வெள்ளத்துல முங்குன வண்டி அண்ணி. நடுரோட்டுல நின்னுடும்." கடைக்காரர் சிரித்துக்கொண்டே, மழை என்றால் நாலு சொட்டு உள்ளே வரத்தான் செய்யும் என்றார். தனியாகப் போயிருந்தால் அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். வாந்தியெடுக்கும் பிள்ளையோடு நெய்வேலி ரோட்டில் நின்றிருப்பேன்.

மூன்றாவது இங்கேயே, பெரியார் நகரில். அம்புஜவல்லி டீச்சர் வீடு. அவர் வீட்டுக்காரர் தை மாதம் தவறிவிட்டார். அவர் ஓட்டிய வண்டி, வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. டீச்சருக்கு ஓட்டத் தெரியாது. நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, சர்வீஸ் சீட்டு ஒன்றுவிடாமல் கோப்பில் வைத்திருக்கிறார். பதின்மூன்று சொன்னவர் பிள்ளையைப் பார்த்ததும் பன்னிரண்டுக்கு இறங்கி வந்தார். கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் நானே ஓட்டிப் பார்த்தேன். லைசென்ஸ் எடுத்தது வீண் போகவில்லை. தமிழினி பின்னால் படுத்திருந்தாள். தெருவை விட்டு வெளியே வரும்வரை எஞ்சின் சத்தமே இல்லை. "வண்டி ஓடுதாம்மா, நிக்குதாம்மா?" என்று கேட்டாள். ஓடுகிறது என்றேன். அப்புறம் தூங்கிவிட்டாள். பேட்டரி இடத்தை அடைத்துக்கொள்வதால் டிக்கி மட்டும் சின்னது. நமக்கு அதில் வைக்க என்ன இருக்கிறது?

இதை எடுக்கலாமா என்று யோசித்து எழுதுங்கள். டாக்டரம்மா இந்த வாரமும் உங்களைப் பற்றிக் கேட்டார்கள். அதை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆதிலட்சுமி


விருத்தாசலம்
20-4-2025, ஞாயிறு

அன்புள்ள தமிழினி அப்பாவுக்கு,

ஆதிலட்சுமி எழுதுவது. ஜாகிர் பாய் கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் போனில் அனுப்பிய செய்தி கிடைத்தது. பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி, அதில் ஐந்தரை வருடம் மீதி இருக்கிறது, அதுவரைக்கும் கவலை இல்லை, உடனே எடுத்துவிடு என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த ஐந்தரையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பதினொன்றும் ஐந்தரையும் பதினாறரை. பதினாறரை வயது வரைக்கும் நான் இவளை வாரம் மூன்று நாள் புதுச்சேரிக்கு ஓட்டிக்கொண்டு போவேன் என்று நீங்கள் மனதுக்குள் முடிவு செய்துவிட்டீர்களா? அதற்குத்தான் இவ்வளவு பார்த்துப் பார்த்து வண்டி தேடச் சொன்னீர்களா? கோபத்தில் கேட்கவில்லை. கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, மெஷினில் இருக்கும்போதே பிள்ளைக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. கண் மேலே போய்விட்டது. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். முக்கால் மணி நேரம் நின்றேன். அப்புறம் டாக்டரம்மா என்னைப் பிள்ளையின் கட்டிலருகே கூப்பிட்டு, காப்பாற்றியாயிற்று, ஆனால் இதயம் களைத்துவிட்டது, மெஷினை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது, இந்தக் கோடைக்குள் மாற்றுச் சிறுநீரகம் வைத்தாக வேண்டும் என்றார்கள். என்னுடையதைத்தான் சர்க்கரை என்று அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே. "ஏம்மா, அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே ரத்த குரூப்புன்னு ஃபைல்ல எழுதியிருக்குதே. எட்டு மாசமா ஒரு டெஸ்டுக்குக்கூட அவர் வரலையே" என்று கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்று ஏழாவது தடவையாகச் சொன்னேன். பொய் சொல்வதாக அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

எனக்கு மட்டும் தெரியாதா? உங்கள் அண்ணன் திருமால் குடல்வால் ஆபரேஷனுக்குச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். துணி சுற்றித்தான் வெளியே வந்தார். சம்மதக் கையெழுத்துப் போட்டது நீங்கள். அன்றையிலிருந்து ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் உங்களுக்கு வேர்த்துக் கொட்டும். தமிழினி பிறந்தபோதுகூட டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நான் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நிலத்தை விற்றீர்கள், ஓவர்டைம் பார்க்கிறீர்கள், மைலேஜ் கணக்குப் போடுகிறீர்கள். இவ்வளவும் பிள்ளை மேல் இருக்கிற உயிரில்தான். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் புதன்கிழமைக்கு மறுநாளே டீச்சர் வீட்டுக்குப் போய் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்பட்டார். "ஏன் ஆதிலட்சுமி, உனக்குன்னுதான வெச்சிருந்தேன். வெல இன்னும் கொறைக்கணுமா?" என்றார். விலை இல்லை டீச்சர் என்றேன். அவர் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். போன வாரம் வேறு யாரோ வந்து எடுத்துப் போய்விட்டார்கள். நல்ல வண்டி. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது. ஆபரேஷன் முடிந்தால் புதுச்சேரியிலேயே ஒரு ரூம் எடுத்து மூன்று மாதம் தங்க வேண்டுமாம், மாத்திரையும் நிறைய இருக்குமாம். அதற்கு ஆகும். அதிலிருந்து ஒன்று மட்டும் உங்களைக் கேட்காமல் எடுத்துச் செலவழித்தேன். மங்கலம்பேட்டை டிராவல்ஸில் மே ஒன்பதாம் தேதிக்கு உங்களுக்கு மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. ஜாகிர் பாயின் மச்சான் நேரில் வந்து கொடுப்பார். திட்டுவதென்றால் வந்து திட்டுங்கள்.

டாக்டரம்மா பேசியதைத் தமிழினி கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் என் மடியில் படுத்துக்கொண்டு, "அப்பாவுக்கு வலிக்குமாம்மா?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளே, "ரொம்ப வலிக்கும்னா வேணாம்னு சொல்லிடும்மா. நான் பஸ்ஸுலயே போயிட்டு வரேன்" என்றாள்.

இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? கேட்டது உங்களைப் பற்றி. நீங்களே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். முடியாது என்பதுதான் பதில் என்றாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அதற்கு மேல் இந்த ஜென்மத்தில் நான் கேட்க மாட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் கால் நடுங்கினால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிற வரைக்கும் விட மாட்டேன்.

பழமலைநாதர் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்துவிடுங்கள்.

உங்கள் வரவை நம்பி,
ஆதிலட்சுமி