ஆறிப்போகாத தம்ளர்

இன்று காலை சுக்கு நசுக்கினேன். வாசனை எழுந்ததும் அடுகோடி வண்டிப்பட்டறையே மூக்கில் வந்து நின்றது. கூடவே வார்னிஷ் வாசனையும் அடித்தது போல இருந்தது. நீங்கள் போனபின் இந்த வீட்டில் ஏது வார்னிஷ்? வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பேத்தி வாத்தியாரம்மாதான், ஆனாலும் அவளைத் திருத்தச் சொல்லப்போவதில்லை. பிழையோடு வாசித்துக்கொள்ளுங்கள்.

ஜட்கா வண்டிக்குக் கோடு போடுவதில், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த இந்தத் தண்டு முழுக்க உங்களுக்கு இணை கிடையாது. சக்கரத்து ஆரக்காலில் தலைமயிர் போல மஞ்சள் கோடு, ஆரம்பித்த இடமும் தெரியாது, முடித்த இடமும் தெரியாது. அந்தக் கை காலையில் நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் நிற்க ஒரு வாய் சாராயம். அது இறங்கினால் இன்னொரு வாய். ஒருநாள் கோடு புழு மாதிரி நெளிந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து, "இந்தக் கை போச்சுன்னா நான் எதுக்குடி?" என்று கேட்டீர்கள். குடித்துவிட்டு நீங்கள் அழுது நிறையப் பார்த்திருக்கிறேன். அன்று குடிக்காமல் அழுதீர்கள். குடியை விட வைக்கிற கூட்டம் எங்கே நடக்கிறது என்று மறுநாளே தேடக் கிளம்பினேன்.

முதலில் துரைசானிகள் கூட்டம். எல்லாம் இங்கிலீஷ். உங்களிடம் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நீல ரிப்பன் கொடுத்தார்கள். நல்ல பட்டாக இருக்கிறதே என்று நம் பெண்ணுக்குச் சடை பின்னிக் கட்டிவிட்டேன். அடுத்த வாரம் துரைசானி குழந்தையின் தலையைப் பார்த்துத் திகைத்து நிற்க, பட்லர் என் பக்கம் குனிந்தான். "குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணவங்க மார்ல குத்திக்கிறதும்மா இது. பாப்பா எப்போ விட்டுச்சு?"

வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். சிரித்தபடியே கடைக்கும் போனீர்கள்.

அடுத்தது பஜனைக் கோயில் கூட்டம். கள், சாராயம், பிராந்தி என்று ஒரு மணி நேரம் பிரசங்கம். "இத்தனை நேரம் அதைப் பத்தியே பேசினா எனக்குத் தொண்டை காயாதா?" என்றீர்கள். நியாயம்தான்.

அடுகோடி வண்டிப்பட்டறையில் நடக்கிற கூட்டத்தைப் பற்றிக் குழாயடியில் ஒருத்தி சொன்னாள். ஏமாந்தது போதுமென்று முதலில் நான் மட்டும் போய், மரக்கட்டை அடுக்குக்குப் பின்னால் நின்று கேட்டேன். விளக்கு வைக்கிற நேரம். கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புகிற நேரமும் அதுதான். எட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர், "இன்னிக்கி தொடல" என்றார். இன்னொருவர், "கடை வாசல் வரைக்கும் போனேன். திரும்பிட்டேன்" என்றார். யாரும் மெச்சவில்லை, யாரும் திட்டவில்லை. சக்கரம் செய்கிற பெரியவர் சுக்குக் காப்பி ஊற்றினார். இதுதான் என்று எனக்குப் பட்டது.

அங்கே ஒரு வழக்கம். அவரவர் வீட்டுத் தம்ளரைக் கொண்டுவந்து பலகையில் கவிழ்த்து வைக்க வேண்டும். வராதவர் தம்ளர் நிமிராது. அதில் காப்பி ஊற்றி, ஆள் எங்கே இருந்தாலும் அங்கே கொண்டுபோவார்கள். நம் வீட்டில் மிஞ்சியிருந்தது என் தாய்வீட்டுப் பித்தளைத் தம்ளர் ஒன்றுதான். "அதையா?" என்றீர்கள். "அதைத்தான்" என்றேன்.

பதினேழாம் நாள் உங்கள் தம்ளர் கவிழ்ந்தே இருந்தது. பெரியவரும் இன்னொருவரும் வீட்டுக்கு வந்தார்கள். நீலசந்திரா சாராயக்கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். அவர்கள் கடைக்குள் கால் வைக்க மாட்டார்கள். வாசலில் நின்று பெரியவர் உங்களைக் கூப்பிட்டார்: "மேஸ்திரி, ஆறிப்போவுது!"

உள்ளேயிருந்து ஒரு குரல்: "யோவ் மேஸ்திரி, வூட்ல பால் குடுத்தனுப்பியிருக்காங்க. குடிச்சிட்டு தூங்கு ராஜா!" கடையே சிரித்தது.

எதிர்ச்சாரியில் குழந்தையோடு நின்றேன். நீங்கள் வெளியே வராவிட்டால் காலையில் ஆம்பூர் ரயிலேறித் தாய்வீட்டோடு இருந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். இதை உங்களிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

வந்தீர்கள். இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சிந்தியது. மீதியைக் குடித்துவிட்டு, "சூடு பத்தல பெரியவரே" என்றீர்கள்.

"நாளைக்கி நீயே வா. சூடா தர்றேன்."

அதற்கப்புறமும் இரண்டு தடவை அந்தத் தம்ளர் தெருவில் நடந்தது. பிறகு இல்லை. பிறகு நீங்கள்தான் அடுத்தவர் தம்ளரைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். நம் பெண் கல்யாணத்துக்கு வந்த வண்டியில் நீங்கள் போட்ட கோட்டைச் சம்பந்திகள் தடவித் தடவிப் பார்த்தார்கள். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போன அன்று, வீடு நிறைய ஜனம். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பட்டறையிலிருந்து இரண்டு பேர் தம்ளரோடு வந்து நின்றார்கள். "கவுந்து இருந்துச்சும்மா. வழக்கத்த விடக் கூடாதில்ல? ஆறிப்போவுது." அத்தனை பேர் பார்க்க வாங்கிக் குடித்தேன். நல்ல சூடு.

நேற்று நீலசந்திராவிலிருந்து ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். "பாட்டி, அந்தக் கூட்டம் எங்க நடக்குது? எங்க வூட்டுக்காரரு வர்றேன்னு சொல்லிட்டாரு." அலமாரியில் இருந்த உங்கள் தம்ளரைப் பார்த்தாள். "இத எடுத்துப்போவட்டுமா?"

"இது குடுக்கறதுக்கில்ல. உன் வூட்ல அவன் வாய் வச்சுக் குடிக்கிறத எடுத்துக்கினு வா" என்றேன்.

இன்று சாயங்காலம் போகிறோம். சுக்கு அதற்குத்தான். உங்கள் தம்ளரும் என் கூட வருகிறது. உள்ளே இருந்தவர்களுக்கெல்லாம் பெரியவர் ஊற்றினார். மரக்கட்டைக்குப் பின்னால் நின்ற எனக்கு அன்று ஊற்ற யாரும் இல்லை. அந்தப் பெண்ணும் அங்கேதான் நிற்பாள். உங்கள் தம்ளரில் ஊற்றி, ஆறுவதற்குள் அவள் கையில் கொடுத்துவிடுவேன்.