வெப்பமானியில் ஒரு கியூட்டெக்ஸ் கோடு

கை நிறைய கிரீஸும் வாய் நிறைய பாட்டுமாக இருந்த என் அக்காவுக்கு,

உன் தோழி நிரோஷாக்காவின் கல்யாணம் முடிந்துவிட்டது. தெமோதரையிலிருந்து அப்புத்தளை மாதா கோயில்வரை உன் காரில்தான் வந்தாள். ஓட்டியது நான். நம்புகிறாயா?

போன மழைக்காலத்தில் நீ கண்மூடியபோது, அந்தப் பழைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டில் வெறும் ஓட்டைகள்தான் இருந்தன. மீட்டர்களைக் கழற்றி, பழுதுபார்க்கக் கொழும்புக்கு அனுப்பியிருந்தாய். அவை திரும்பி வந்தபோது நீ இல்லை. நிரோஷாக்காவுக்கு நீ கொடுத்த வாக்கு மட்டும் இருந்தது: "ஒன் கல்யாணத்துக்கு நான்தான்டி டிரைவர்."

பெட்டியைப் பிரித்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தன. எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமானியின் கண்ணாடியில், நகத்துக்குப் பூசும் சிவப்பு கியூட்டெக்ஸால் நீ போட்டிருந்த கோட்டைத்தான் காணவில்லை. பழுதுபார்த்தவரிடம் போனில் கேட்டேன். "அழுக்கெல்லாம் சுத்தமா தொடச்சாச்சு மிஸ்," என்றார் பெருமையாக.

அந்தக் கோடு எதற்கென்று எனக்குத் தெரியும். "மீட்டர்ல இருக்கிற சிவப்பு, கடலோரத்துல ஓட்டுறவனுக்குப் போட்டது. நம்ம மலையில தண்ணி அதுக்கு முன்னாடியே கொதிச்சிரும். ரேடியேட்டர் மூடியும் கெழடு," என்பாய். காரைச் செய்தவர்கள் வரைந்த எல்லையை நம்பாமல், உனக்கென்று ஓர் எல்லையை வரைந்துகொண்டவள் நீ. ஆனால் அது எந்த இடத்தில் இருந்தது? அது தெரியாமல் மலையேறினால், கல்யாணப்பெண் பாதி வழியில் ஆவிக்குள் நிற்பாள்.

யோசித்தேன். வெப்பமானியின் பின்னால் மெல்லிய செம்புக் குழாய். அதன் நுனியில், எஞ்சின் தண்ணீருக்குள் இருக்கும் குமிழ். அப்புத்தளையில் கொதிக்கும் தண்ணீரில் அந்தக் குமிழை வைத்தால் முள்ளே சொல்லிவிடாதா? வெப்பமானியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன்.

ஸ்டேஷன் பக்கத்துத் தேநீர்க்கடையில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக்கூடச் சத்தமாகச் சொல்லாதவள் நான், உனக்குத் தெரியுமே. கடைக்காரர் என் கையிலிருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னொரு புள்ளையா? தண்ணி டீக்கு வைக்கவா, மீட்டருக்கு வைக்கவா?"

நீயும் அதே கேத்தலில்தானா! எனக்கு மட்டுமே தோன்றிய யோசனை என்று ரயில் முழுக்கப் பெருமைப்பட்டுக்கொண்டு வந்திருந்தேன், அக்கா.

கேத்தல் கொதித்ததும் குமிழை உள்ளே விட்டேன். முள் ஏறி நின்ற இடத்துக்கு ஓர் அரிசி அளவு கீழே, உன் குப்பியில் மீந்திருந்த சிவப்பால் கோடு போட்டேன்.

பொருத்தும் நாளில், பஸ்களுக்கு வயரிங் பார்க்கும் செல்வம் அண்ணன் துணைக்கு வந்தார். "அந்தக் குழாய மட்டும் மடிச்சிராதீங்க தங்கச்சி. மடிஞ்சா மீட்டர் செத்துச்சு." சீட்டில் தலைகீழாகப் படுத்தேன். அவர் ஒவ்வொரு மீட்டரையும் முன்னாலிருந்து செருகிப் பிடிக்க, நான் பின்னால் தகட்டை வைத்து நட்டை விரலால் முடுக்கினேன். வயர் நுனிகளில் நீ நிறநிறமாய் நூல் கட்டி வைத்திருந்தாய். மீட்டர்களின் பின்னாலும் அதே நிறங்களில் பொட்டு. எது எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் அந்த நூல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "பஸ்ஸுக்கும் இப்படிக் கட்டணும்," என்றார்.

கல்யாணத்தன்று, பண்டாரவளை தாண்டிய ஏற்றத்தில் முள் கோட்டைத் தொட்டது. ஓரமாக நிறுத்தினேன்.

"என்ன புள்ள நிறுத்துற? ஃபாதர் கத்தப்போறாரு!"

"கத்தட்டும்."

"இன்னும் ரெண்டு வளைவுதானே!"

"அந்த ரெண்டுலதான் கொதிக்கும், நிரோஷாக்கா. எறங்காதீங்க, சும்மா இருங்க."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "நீ ஊமைன்னுல்ல நெனச்சேன்!"

தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், கல்யாணப்பெண்ணைப் பார்க்க ரோட்டுக்கு இறங்கி வந்தார்கள். "காரு பொண்ண விட வெக்கப்படுதே, தள்ளவா?" என்று கேலி. நிரோஷாக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்மை கலைந்தது. முள் மெல்ல இறங்கியது. கோயிலுக்குத் தாமதமாகத்தான் போனோம். ஆனால் வெள்ளைச் சேலையில் ரேடியேட்டர் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையின் பெரியம்மா மடுல்சீமையில் விருந்து வைக்கிறார். மாப்பிள்ளை பஸ்ஸில் வரட்டுமாம், நிரோஷாக்கா என்னோடுதான் வருவாளாம். அந்த ரோட்டு ஏற்றம் உனக்குத் தெரியும். முள் எத்தனை தடவை கோட்டைத் தொட்டாலும் அத்தனை தடவையும் நிறுத்துவேன், யார் கத்தினாலும். உன் காரைக் கொதிக்க விடமாட்டேன், அக்கா.

உன் கூடப் பிறந்தவள்,
பதுளையிலிருந்து