அண்ணன் தலைமேல் செய்த சத்தியம்

ஆனி 9, செவ்வாய்

நல்ல வெயில். மிளகாய் காயப்போட்டேன். அண்ணன் பட்டணத்து ஹாஸ்டலிலிருந்து வந்ததிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை. இன்டர் பரீட்சையில் தவறிவிட்டான். நைனா அவனோடு பேசுவதே இல்லை. தொந்தரவு செய்யாதே என்று அம்மா எல்லாரையும் விலக்குகிறாள். சோறு வைக்க நான் மட்டும்.

இன்று தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்: "நான் செத்துட்டா இந்த ஊட்ல யாருக்கும் தொல்ல இல்ல."

சிரிப்பானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

ஆனி 10, புதன்

காற்று. வேலை ஓடவில்லை. தலைமேல் செய்த சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று பக்கத்து வீட்டுக் காமாட்சியைச் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"தலைக்கு உடையவங்க பூடுவாங்க. உனுக்கு இன்னாத்துக்குடி அது?"

சொன்னால் அவன் உயிருக்கு ஆகும். சொல்லாமல் இருந்தால்? அதற்குமேல் யோசிக்க முடியவில்லை.

சொல்லத்தான் வேண்டும். அம்மா அழுது தெருவைக் கூட்டிவிடுவாள். நைனாவிடம்தான் சொல்ல வேண்டும். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோதுகூட அவர் எதிரே நின்று பேசியதில்லை நான்.

ஆனி 11, வியாழன்

கூழ் எடுத்துப் போனேன். நைனா கீரைப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். கூழை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். பாதி வரப்பிலிருந்து மறுபடி வந்தேன்.

"நைனா, அண்ணன் செத்துடுவேன்னு சொல்லுது. சொல்லமாட்டேன்னு அது தலமேல சத்தியம் பண்ணேன். மீறிட்டேன்."

மண்வெட்டி அப்படியே நின்றது. தண்ணீர் கரை தாண்டிப் பக்கத்துப் பாத்தியில் ஓடியது. அவர் பார்க்கவில்லை.

"பாவம் இருந்தா என்னோட போவட்டும். நட ஊட்டுக்கு."

பரீட்சைப் பேச்சே எடுக்கவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அங்கேயே பாய் போட்டுக்கொண்டார்.

ஆனி 12, வெள்ளி

தூறல். அண்ணனோடு படிக்கும் வேலப்பன்சாவடி பையனை நைனா வண்டி கட்டிப் போய் அழைத்து வந்தார். அவனும் தவறியவன்தானாம். உள்ளே இருவரும் வெகுநேரம் பேச்சு. அண்ணன் அழுதது கேட்டது.

என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இருக்கட்டும். அடிக்கடி எட்டிப் பார்த்தேன். தலை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனி 13, சனி

கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தானாக வந்து பக்கத்தில் நின்றான்.

"ஊமையாட்டம் இருந்துகினு போட்டுக் குட்த்துட்டியேடி. இனிமே உன்கிட்ட எதுவும் சொல்லமாட்டேன்."

"சொல்லுண்ணா. சொன்னா நான் நைனாகிட்ட சொல்லுவேன். தெரிஞ்சே சொல்லு."

அவன் போகவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டான்.