தலைகீழாய்த் தொங்கும் உன் பெயர்

உன் பெயர் எழுதிய துணியை இன்று காலை குளியல் தொட்டியில் போட்டுத் துவைத்தேன். நேற்று உன் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் உன் அண்ணை அதில் சாம்பாரைக் கொட்டிவிட்டார். சவர்க்காரம் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மணம் போகவில்லை. எனக்கு வந்த ஆத்திரமும் போகவில்லை. அதுதான் கை காயமுன்னமே எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏசத்தான் போகிறேன், கேட்டுக்கொண்டிரு.

முதலில் உன் கல்வெட்டு. செத்தவர்களின் படமும் தேவாரமும் வாழ்க்கை வரலாறும் போட்டு முப்பத்தோராம் நாளில் எல்லோர் கையிலும் கொடுக்கிறார்களே, அதேதான். அட்டையில் நீ சேலை கட்டிய படம். யாருடைய கல்யாணத்துக்கோ அம்மாவின் கரைச்சல் தாங்காமல், உள்ளே ஆட்டக் காற்சட்டையோடு கட்டிய சேலை. உள்ளே உன் அண்ணை எழுதிய வரலாறு: 'ஜப்பான் நாட்டில் ஆங்கில ஆசிரியையாகச் சிறப்புறப் பணியாற்றி...' சிறப்புறவாம்! நீ ஒரு வகுப்பறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீ போனது பந்து பிடிக்க. பெண்கள் சம்பளத்துக்கு உதைபந்தாட்டம் ஆடும் ஒரு ஜப்பானியக் கழகத்தில் கோல்கீப்பராக ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போனவள் நீ.

சின்ன வயதில், சென் ஜேம்ஸ் ரவுணில் நம்முடைய அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பின்னால், குப்பைத்தொட்டிகளுக்கு நடுவில் இருந்த சுவர்தான் நம் கோல். அண்ணையின் பனிக்காலக் கையுறையைக் களவெடுத்து வந்து, கொதிக்கிற ஜூலை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பாய். கை வெந்து சிவந்துபோகும். "கழட்டனடி" என்றால், "நீ அடி, நான் பிடிக்கிறன்" என்பாய். அடித்து அடித்து எனக்குத்தான் கால் நோகும். ஒரு தடவைகூட அந்தச் சுவரில் பந்து பட நீ விட்டதாக எனக்கு நினைவில்லை.

ஜப்பானிலிருந்து நீ முதன்முதல் போன் எடுத்தபோது சிரித்துச் சிரித்து உனக்குப் பேச்சே வரவில்லை. "அம்மா குசினி கூட்டச் சொன்னா ஓடி ஒளிக்கிற நான், இஞ்ச ட்ரெசிங் ரூம் கூட்டுறன். எல்லாரும் கூட்டவேணும், கப்டனும் கூட்டவேணும்." ஆட்டம் முடிந்ததும் வென்றாலும் தோற்றாலும் எல்லோரும் வரிசையாகப் போய்ச் சனத்துக்குக் குனிந்து வணக்கம் சொல்வதைச் சொன்னாய். தோற்ற நாளில் குனியும்போது மட்டும் முதுகு ஒரு தொன் பாரம் என்றாய். உனக்கு ஜப்பானிய மொழி ஓடவில்லை, அதனால் கோலடியில் நின்று தமிழில் கத்தியிருக்கிறாய். "விடு! என்ரை!" என்று நீ கத்தினால் உனக்கு முன்னால் நின்ற ஜப்பானியப் பெட்டைகள் பந்தை விட்டுவிட்டு விலகுவார்களாம். நீ அங்கே எதையாவது படிப்பித்திருந்தால், அது தமிழ்தான்.

பிறகு இந்தத் துணி. அங்கே ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் ஆதரவாளர்கள் பெயர் எழுதிய பெரிய துணி கட்டுவது வழக்கம். உன்னுடையதைத் தமிழில் எழுத வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் ஆதரவாளர் கூட்டத்தில் ட்ரம் அடிக்கும் ஒரு ஜப்பானிய அம்மா. உன் பெயரை எழுதி நான்தான் படம் எடுத்து அனுப்பினேன். பாவம், அச்சொட்டாக வரைந்திருந்தார்கள். கட்டும்போதுதான் தலைகீழாகக் கட்டிவிட்டார்கள். அது தலைகீழ் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த மைதானத்திலேயே நீதான். நீ என்ன செய்தாய்? கையுறையோடு புல்லில் கையை ஊன்றி, காலை மேலே தூக்கி, தலைகீழாக நின்று உன் பெயரை வாசித்தாய். ஏன் என்று விளங்காமலே சனம் எழும்பி நின்று கைதட்டியது. வீடியோவில் பார்த்து நான் அழுதேன்.

அன்றைக்கு உன்னைத் தாண்டி ஒரு கோலும் போகவில்லை. விசயம் தெரிந்ததும் அந்த அம்மா வெட்கத்தில் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாராம். நீ விடவில்லை. "இனி நிமித்தினா எனக்குத்தானடி பயம், அப்பிடியே கிடக்கட்டும்" என்றாய். உன் முழங்கால் போய் நீ திரும்பி வரும்வரைக்கும் அது அப்படியேதான் தொங்கியது.

பெண்பிள்ளை பந்து விளையாடிச் சம்பளம் எடுக்கிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, அந்தக் காலம் முழுக்க இங்கே உன் அம்மா என்ன சொல்லிக்கொண்டு திரிந்தா? "மகள் ஜப்பானில இங்கிலிஷ் படிப்பிக்கிறா." நீயும் ஒத்துப் பாடினாய். வகுப்பு எப்படிப் போகுது என்று உன் மாமி கேட்க, "பிள்ளையள் நல்ல கெட்டிக்காரர், மாமி" என்று சொன்னதாக என்னிடம் சொல்லிச் சிரித்தாயே, எனக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் தலைகீழாக நிற்கத் தெரிந்த உனக்கு ஒரு மாமிக்கு முன்னால் நேராக நிற்கத் தெரியவில்லை. வந்த பிறகாவது சொல்வாய் என்று பார்த்தேன். இங்கே பக்கத்து ஊரான ஒஷாவாவில் வேலைக்குப் போனாய், "பிறகு சொல்லுவம்" என்றாய். போன மாதம் வேலை முடிந்து வரும் வழியில் அந்த ட்ரக் உன் காரில் மோதியது. இனி எந்தப் பிறகு?

கல்வெட்டு அச்சுக்குப் போகமுன்னம் பிழை பார்க்கச் சொல்லி அண்ணை எனக்கு அனுப்பினார். உடனே போன் எடுத்தேன்.

"அண்ணை, உது பொய்."

"தெரியும் பிள்ளை. இப்ப மாத்தினா சனம் அம்மாவைப் பொய்க்காரி எண்டு சொல்லும். பிள்ளையைப் பறிகுடுத்த மனுசி, உதையும் தாங்கவேணுமோ?"

"உந்தப் பொய்யை அவள் இவ்வளவு காலமும் தாங்கினவள்தானே, அண்ணை?"

போனை வைத்துவிட்டார். அந்தக் கிழமையே ஜப்பானிலிருந்து பார்சல் வந்தது. நீ போய்விட்டதை நான்தான் கழகத்துக்கு எழுதியிருந்தேன். ட்ரம் அம்மா துணியை மடித்து, மேல் கரை எது என்று சிவப்பு நூலால் தைத்து அனுப்பியிருந்தார். தலைகீழாகத் தொங்கும்போது எது மேலோ, அந்தக் கரையில்.

நேற்று முப்பத்தோராம் நாளுக்கு எடுத்திருந்த ஹோலுக்குப் போனதும் கதிரையில் ஏறி, உன் படத்துக்குப் பின்னால் சுவரில் கட்டினேன். சாப்பாட்டுக்கு இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒரு அங்கிள் எழும்பியே வந்தார்.

"பிள்ளை, உது தலைகீழாக் கிடக்கு."

"ஓம் அங்கிள். அப்பிடித்தான் கட்டுறது."

"ஏன்?"

சொன்னேன். ஹோல் முழுக்கக் கேட்கத்தான் சொன்னேன். சாம்பார் வாளியோடு நின்ற அண்ணை ஓடி வந்து ஒரு கையால் துணியை இழுக்க, வாளி சரிந்தது. மஞ்சளாக உன் பெயரில் வழிந்தது.

அப்போதுதான் உன் அம்மா முன்வரிசையிலிருந்து எழும்பி வந்தா. கழுத்தைச் சரித்து, உன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"அவ்வளவு சனத்துக்கு முன்னால தலைகீழா நிண்டவளோ?"

"ஓம் அன்ரி."

"விழேல்லையோ?"

"விழேல்லை அன்ரி."

"கிடக்கட்டும், அவிழ்க்க வேண்டாம்" என்று அண்ணையிடம் சொல்லிவிட்டுப் போய் இருந்துவிட்டா.

விழேல்லையோவாம்! இந்த ஒரு கேள்வியை உன்னிடம் கேட்டிருந்தால் என்ன? நீ இருந்து, அம்மாவுக்கு நேரே, "விழேல்லை அம்மா, பாருங்கோ" என்று அந்த வீடியோவைக் காட்டியிருக்க வேண்டும். உன் பதிலை நான் சொல்லவேண்டி வந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்து அன்ரியை ஏச எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உன்னை ஏசுகிறேன்.

துணி காய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் ஆடுகிற உதைபந்தாட்டத்துக்குக் கொண்டுபோய் மைதான வேலியில் கட்டுவேன், சிவப்பு நூல் மேலே இருக்கும்படி. மற்றவர்களுக்கு அது சும்மா ஒரு துணி. எங்கள் தமிழ்ச் சனத்துக்கு மட்டும்தான் அது தலைகீழ் என்று தெரியும், பிழை கண்டால் சொல்லாமல் போகவும் மாட்டார்கள். நடக்க வருகிற அங்கிளோ, பேரப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வருகிற அன்ரியோ, யாரோ ஒருவர் நிச்சயம் வந்து, "பிள்ளை, உது தலைகீழாக் கிடக்கு" என்பார்.

வரட்டும். வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி வைத்து, அவள் இங்கிலிஷ் படிப்பித்தவள் இல்லை என்றுதான் தொடங்குவேன்.