ராணியின் முளைக்காத தலைமுடி

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சஃப்ரீனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளை பைசானும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் சமைப்பாய். பைசானுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. முதலில் நீ தனியாக முழுதும் படித்துவிட வேண்டும், அதனால்தான் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

உன் மாமனார் அப்ரார் தன் வீட்டில் இருந்த விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயை வாப்பாவிடம் கொடுத்திருந்தார். பழைய காசு சேர்க்கிற ஆள், என்ன ரகம் என்று பார்த்துச் சொல்வார் என்று சீத்தா கேம்ப்பிலிருந்து அவரே கொண்டுவந்து கொடுத்ததுதான். வாப்பா நல்ல காசு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஃபோர்ட் பக்கம் காசு விற்கிற ஒருவன் அதைப் பார்த்து, கிஸா ஹுவா ஹை, தேய்ந்த காசு என்று சொல்லிவிட்டான். ராணியின் காதும் தலைமுடியும் மொழுக்கென்று இருக்கிறதாம். அதிலிருந்து உன் மாமனாருக்குச் சந்தேகம், புழங்காத காசைக் கொடுத்தோம், வேறு காசு திரும்பி வந்திருக்கிறது என்று. வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம். பாண்டுப்பில் கல்யாண விருந்தில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, என்ன மச்சான், எங்க ராணிய வச்சிக்கிட்டு வேற ராணியத் தந்துட்டியளோ என்றார். வாப்பா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எம் மவன்கிட்டயும் சொல்லத்தான் போறேன், எந்த வீட்டுல பொண்ணெடுத்தோம்னு அவனும் தெரிஞ்சிக்கிடட்டும் என்றார். வாப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார்கள். 

அதன் பிறகு வாப்பா வேலைக்குப் பட்டறைக்கே போகவில்லை, அங்கேயும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று. போய் அவரிடம் இருக்கிற காசையே காட்டி விளக்குங்கள் என்றால், நம்பாதவன்கிட்ட என்னத்தக் காட்ட என்கிறார்கள். எனக்கு உன் நினைப்புத்தான். நீ போன் பண்ணும்போதெல்லாம் நீ சொன்ன சேதி எதுவும் மனதில் ஏறவில்லை, உன் குரல் மாறியிருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் நானே உன் மாமியாருக்குப் பேசி, காச எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் வாங்க, பாத்துட்டு அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க என்றேன்.

வந்தார்கள். கொடுத்த சாயாவை உன் மாமனார் தொடவில்லை. வாப்பா ஜன்னலோரம் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்து, குரல் உயராமல்தான் சொன்னார்கள். கைபட்டுத் தேஞ்ச காசுன்னா மேடான எடத்துலதான் மொதல்ல மினுக்கம் போவும் மச்சான், இதச் சாய்ச்சுப் பாருங்க, மொழுக்குன்னு இருக்க எடத்துலயும் மினுக்கம் அறுபடாம ஓடுது, அச்சு அடிக்கும்போது அடி பலமா விழல, வெள்ளி அச்சுக்குள்ள முழுசா ஏறல, திருப்பிப் பாத்தா பின்பக்கமும் அதுக்கு நேர் எதிர்ல மங்கலாத்தான் இருக்கும், அந்த முடி தேயல மச்சான், மொளைக்கவே இல்ல என்றார்கள். அச்சு அடிக்கும் முன்னால் வெறும் வெள்ளி வில்லையில் இருந்த சொரசொரப்பு அந்த இடத்தில் அப்படியே நிற்கிறது, தேய்ந்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்றும் சொன்னார்கள். உன் மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உன் மாமியார்தான் கண்ணாடியை வாங்கி இரண்டு பக்கமும் வெகுநேரம் பார்த்தார். சொரசொரப்பு இருக்கத்தான் செய்யுது, நீங்களே பாருங்க என்று அவர் கையில் திணித்தார். அவர் பார்த்தார். முகம் வேர்த்துவிட்டது. தப்பா நெனச்சிட்டேன் மச்சான், மனசுல வச்சிக்கிடாதிய என்றார்.

வாப்பா சரி என்று தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை மகளே. அத்தன பேருக்கு முன்னால சொன்னத வீட்டுக்குள்ள வந்து எடுத்துக்கிட்டா எப்படி சம்பந்தி, அதக் கேட்டவங்க எல்லாரும் இதயும் கேக்கணும்லா என்றேன். வாப்பா என்னை முறைத்தார்கள்.  உன் மாமனார் காசை வீசிவிட்டு எழுந்து போய்விடுவார், உன் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் போனை எடுத்தார். விருந்தில் கூட இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு, காசு எங்க காசுதான், மச்சான் கரீம் பாட்சா மேல ஒரு கொறையும் இல்ல என்றார். மூன்றாவது ஆளிடம் சொல்லி முடித்து அடுத்த நம்பரைத் தேடினார். வாப்பா அவர் கையிலிருந்து போனை வாங்கி அணைத்துவிட்டு, போதும் மச்சான், பைசானுக்கு மட்டும் நீங்களே பேசிருங்க, அது எம் மவ இருக்க வீடு என்றார்கள்.

பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பேசினாரா என்று எங்களுக்குத் தெரியாது. பைசான் காதில் இது முன்னமே விழுந்திருந்தால் அவனோடு சண்டை பிடிக்காதே, அவன் தகப்பன் வாயாலேயே கேட்கட்டும். எனக்கு மனசு இன்னும் ஆறவில்லைதான், ஆனாலும் உன் மாமியாருக்கு நீ ஒரு போன் போடு, அன்றைக்கு அவர் புருஷன் முகத்தைப் பார்க்காமல் நியாயத்தைப் பேசினார். வாப்பா நாளை பட்டறைக்குப் போகிறேன் என்று சட்டையைத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நடுவில் எந்தக் கசப்பும் வராமல் காப்பானாக. படித்ததும் படிச்சிட்டேன் உம்மா என்று ஒரு வரி போடு, அதுவரை போனைக் கையில்தான் வைத்திருப்பேன்.

உன் உம்மா,
சாயிரா